விரதத்தில் நின்ற பிரஷர் மாத்திரை

இந்தக் காகிதம் யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவிடம்.

என் செல்ல நைனாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. திதி முடிந்ததால் இனி மலைக்குப் போகலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். விடிந்தால் ஆடிக் கிருத்திகை. நீ வேண்டிக்கொண்டு எடுக்காமல் போன காவடியை அம்மா எடுக்கிறாள். மாலை போட்டு, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கிறாள். திருத்தணிப் படி முழுக்க நடந்தே ஏறுவாளாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

உனக்கு இருந்த அதே பிரஷர் இப்போது அம்மாவுக்கும் இருக்கிறது. உனக்குப் பிறகு இரண்டு தறியையும் அவள்தான் ஓட்டுகிறாள். ஒரு இழை அறுந்தால்கூடப் பதறுகிறாள். தூக்கம் இல்லை. பாதி நாள் டீயும் பன்னும்தான். வயிறு உப்பிக்கொண்டே இருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் பிரஷர் தெரிந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஓயாத கவலை அவற்றின் கலவையைக் கெடுத்துவிடும். கீரை, பயறு, கம்பு இவற்றின் நாரைத் தின்று நல்ல பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பொருள்கள் ரத்தக்குழாய்க்கு நல்லது. அவை குறைவதும் பிரஷர் ஏறக் காரணமாகலாம். "இன்னும் ஆராய்ச்சி நடக்குது. சாப்பாட்ட மாத்துங்க. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க" என்றார்.

அம்மா முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். மாலை போட்ட அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

"வயிறுதான் காரணம்னு டாக்டரம்மாவே சொன்னாங்க இல்ல? விரதம் இருந்துகினு இருக்கேன், வயிறு சுத்தமாயிடும். பிரஷரும் பூடும்."

"பட்டினி கெடந்தா அந்த நல்ல பாக்டீரியாவும் பட்டினிதாம்மா. அதுக்கும் சாப்பாடு வேணும்."

"ஆங்! அதுங்களுக்கும் சேத்து நான் உலை வைக்கணுமா? பதினொண்ணாவது படிக்கிறதுக்கே இவ்ளோ வாயி!"

நான் சிரித்துவிட்டேன், நைனா. ஆனால் நேற்று தறி பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்தலை வலிக்கிறதாம். நீயும் தலைவலி என்று தைலம் தடவிக்கொண்டு வேலைக்கு நின்றவன்தானே? அன்று சாயங்காலமே விழுந்தாய்.

மாத்திரையை நிறுத்தியதை மாமாவிடம் சொல்லப்போகிறேன் என்றேன். சொன்னால் காவடியைத் தடுத்துவிடுவார் என்று, என் கையை இழுத்து உன் படத்தின் மேல் வைத்து, சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

உன் மேல் செய்த சத்தியத்தை மீறினால் உனக்குக் கோபம் வருமா? மீறாமல் இருந்து அவளுக்கு ஏதாவது ஆனால்?

மாமா கே.ஜி.கண்டிகையிலிருந்து ஆட்டோ கொண்டுவருகிறார். அவரிடம் சொல்லிவிடுவேன். அடிவாரத்தில் திருவிழாவுக்கு மருத்துவ முகாம் போட்டிருப்பார்கள். அங்கே பிரஷர் பார்த்து, ஏறலாம் என்று டாக்டர் சொன்னால்தான் அம்மா படியில் கால் வைப்பாள். இல்லையென்றால் உன் காவடியை மாமா தூக்கட்டும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அம்மா என்னோடு பேசாமல் போனாலும்

கதவைத் தட்டுகிறார்கள்.

"பாப்பா, எந்திரிச்சிட்டியா? ஆட்டோ வெளிய நிக்குது. அக்கா குளிச்சிகினு இருக்குது, நீ வா சீக்கிரம்."

மாமாதான். அம்மா இன்னும் வரவில்லை. போகிறேன்.

உன் பொண்ணு