மாத்திரையோடு ஒரு டீ

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

எல்லோரும் நலம் என்றுதான் முதல் வரி எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போனில் சொல்லலாமென்றால், "அவர்கிட்ட சொல்லாதீங்க மாமா, வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவார்" என்று கெஞ்சுகிறாள். அதனால்தான் அவளுக்குத் தெரியாமல், லீவு முடிந்து நீ வேலை பார்க்கும் ஊருக்கே திரும்பும் உன் சிநேகிதனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன திங்கட்கிழமை தையல் கம்பெனியில், இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றபடியே சரிந்துவிட்டாள். ரத்தம் பார்த்தார்கள். குறைந்தது பதினொன்று இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறுதான் இருந்ததாம், அதுவும் எட்டாம் மாதத்தில். இப்படியே வலி எடுத்தால் தாயும் தாங்காது, பிள்ளையும் தாங்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது, அவள் மேல்தான். தினமும் இரும்புச் சத்து மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன். விழுங்குகிறாளா என்று நின்று பார்த்தேன். அப்புறம் எப்படிக் குறையும்? படுக்கையருகே நின்று, "எங்க துப்புன? உண்மையைச் சொல்லு" என்று கத்தினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்ஸ்தான் என்னை வெளியே அழைத்துப்போய், மாத்திரையை எதோடு கொடுத்தீர்கள் என்று கேட்டாள். டீயோடு என்றேன், பெருமையாகத்தான். தண்ணீர் குடித்தால் குமட்டுகிறது என்றாளே என்று, நம் கடையின் முதல் டீயை ஸ்ட்ராங்காக ஆற்றி நானே எடுத்துப்போவேன். கூட ஒரு பன். அதுதான் அவளுக்குக் காலைச் சாப்பாடு. "ஐயா, மாத்திரையோட டீ குடிச்சா அந்தச் சத்து உடம்புல சரியா சேராது. யாருமே சொல்லலையா?" என்றாள். சொல்லியிருக்கிறார்கள், உன் மனைவியிடம். மாமா ஆசையாகக் கொண்டுவருகிறாரே, வேண்டாமென்றால் முகம் வாடிவிடுமே என்று குடித்தாளாம்.

முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் டீ ஆற்றியவன் நான். என் வீட்டுப் பெண்ணுக்கு என் கையாலேயே... எழுத வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் பல்பம் தின்பதை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறக்கப்போவது வாத்தியார்தான் என்று கிண்டல் செய்தேன். ரத்தம் குறைந்தவர்களுக்கு அப்படித் தின்னத் தோன்றுமாம்.

நேற்று ரத்தம் ஏற்றினார்கள். பாதியில் குளிர் ஜுரம் வந்து உடம்பு தூக்கிப்போட்டதால் நிறுத்திவிட்டார்கள். இன்று மறுபடி ஏற்றிப் பார்ப்பார்களாம். நானும் கையை நீட்டினேன், இந்த வயதில் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கடைக்கு வரும் லோடு வண்டிக்காரர்கள் இரண்டு பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடை ஒரு வாரமாகப் பூட்டிக் கிடக்கிறது.

இன்று காலை அவளாகவே, "மாமா, வீட்டுக்குப் போனதும் உங்க கையால ஒரு டீ வேணும்" என்றாள். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாகப் போ என்று சொல்லி உன்னை பஸ் ஏற்றிவிட்டவன் நான். திட்டுவதாக இருந்தால் பதில் எழுதித் திட்டாதே, நேரில் வந்து திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்கிறேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடு, சாமி.

ஆஸ்பத்திரி வாசலில் உன்னை எதிர்பார்த்து நிற்கும்,
அப்பா