கூட்டத்துக்கு வராதவர்களின் கையெழுத்து

ஜன. 29
பனி. எதிர் வீடு தெரியவில்லை. சின்னசேலம் பஸ் இல்லை, இட ஒதுக்கீடு கேட்டு மறியல். தெரு ஆண்கள் மொத்தமும் ரோட்டில், என் மகன் குமார் உட்பட.

பதினொன்றுக்குச் சிறப்புக் கிராம சபையாம். எங்கள் தெருவுக்குத் தண்டோரா வரவே இல்லை. நான் வார்டு உறுப்பினர், எனக்கே பால்கார அம்மா சொல்லித்தான் தெரியும். ஓடினேன். பதினொன்றே கால். ஊராட்சி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. கிளார்க் சேகர் வண்டியை உதைத்துக்கொண்டே, "ஜல்தியா முடிஞ்சிட்சிக்கா. எல்லாம் ஏகமனதா."

கால் மணி நேரத்தில் என்ன ஏகமனது?

வாங்க வேண்டியது: சீயக்காய், தவிடு.

ஜன. 31
சேகரிடம் தீர்மான நோட்டைக் கேட்டேன். "அதெல்லாம் காட்டக் கூடாதுக்கா." ஒன்றிய ஆபீஸில் போய் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி போன் போட்ட பிறகு காட்டினான்.

தீர்மானம் 4: எங்கள் தெருவுக்கு வந்த தண்ணீர்த் தொட்டி, ஊராட்சித் தலைவர் கொல்லைப் பக்கம் மாற்றம். நாலு வருஷம் நடந்து வாங்கின தொட்டி.

அடுத்த பக்கம் வருகைக் கையெழுத்து. அன்று மறியலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் வரிசையாக. குமாரும்! அது அவன் கையெழுத்தே இல்லை, எனக்குத் தெரியாதா? ஓட்டர் லிஸ்டைப் பார்த்துச் சேகரே எழுதியிருக்கிறான், மடையன். அன்றைக்கு யார் எங்கே என்று யோசிக்கவில்லை.

மாட்டினான். வேலையைப் பிடுங்காமல் விடமாட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

பிப். 2
ரேஷன் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். நாலாவது தீர்மானமும், வந்ததாகச் சொல்லும் பெயர்களும். கீழே: கிராம சபையில் யாரும் கேள்வி கேட்கலாம், நோட்டைப் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு மலர்: "இன்னாக்கா, எங்கூட்டுக்காரு பேரு இருக்குது? அவரு ரோட்டுலல்ல குந்திக்கினு இருந்தாரு?"

"அதத்தான் கலெக்டர்கிட்ட சொல்லணும்."

பதினாறு பேர் வருவதாகச் சொன்னார்கள். சேகர் தூரத்தில் நின்றான், முகம் வெளிறி. நன்றாக வெளிறட்டும்.

பிப். 4
மறியலில் பஸ் கண்ணாடி உடைந்ததாம். போலீஸ் பெயர் எடுக்கிறது. குமார் போலீஸ் வேலைக்குப் பரீட்சை பாஸ், ஓட்டமும் முடித்துவிட்டான். கேஸ் விழுந்தால் அவ்வளவுதான். அவன் கல்லைத் தொடவில்லை. யார் கேட்பார்கள்?

வக்கீல்: "அன்னிக்கு வேற எங்கனா இருந்தான்னு எழுத்துல எதுனா இருக்குதாம்மா?"

இருக்கிறது, தீர்மான நோட்டில். யார் எழுதியது என்று அவரிடம் சொல்லவில்லை.

சாயந்திரம் மலர் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கோச்சிக்காதக்கா. கூட்டத்துலதான் இருந்தேன்னு எங்கூட்டுக்காரு ஸ்டேஷன்ல சொல்லிட்டாரு."

இன்னொரு துணி வாங்கி நானும் துடைத்தேன்.

பிப். 5
வெயில். ஊராட்சி ஆபீஸ். சேகர் நாற்காலி போட்டான், டீ சொன்னான். "நகலுதானக்கா? தாராளமா. கூட்டம் நடந்துச்சி, இவுங்கள்லாம் வந்தாங்கன்னு உறுப்பினரு ஒருத்தரு சாட்சி போடணும்."

நாலாவது தீர்மானத்தை மட்டும் அடிக்கச் சொன்னேன்.

"ஒண்ண அடிச்சா முழுசும் பொய்யாயிடும்க்கா." பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தான். கட்டையில் போவான், சிரிக்கிறான்.

நாலாவதையும் வாய்விட்டுப் படித்தேன். கையெழுத்துப் போட்டேன்.