"எடுத்தனான்" என்று சொன்ன என் அண்ணைக்கு

என் ஆசை அண்ணை,

முதலில் உங்களுக்குப் பிடித்த செய்தி. எங்கள் நகரத்து மெட்ரோ ரயில் லவால் வரைக்கும் வந்துவிட்டது. "நான் செத்தாப்பிறகுதான் திறப்பாங்கள்" என்று பகிடி விடுவீர்களே, சொன்னபடியே செய்துபோட்டீர்கள். இதிலெல்லாம் சொல் தவறமாட்டீர்கள்!

நீங்கள் போய் ஒரு வருசம். எனக்கு அடிக்கடி அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது. பூசை முடிந்து, மாதா கோயிலின் கீழ்மண்டபத்தில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளைப் பேச வைத்தார்கள். நான் என் சரித்திரக் கட்டுரையைக் கொண்டுபோனேன். நாஜி ஆட்சியைச் சாதாரண ஜெர்மன் சனம் எவ்வளவு தூரம் ஆதரித்தது என்பதுதான் கேள்வி.

கை தட்டியவர்களும் காட்டிக்கொடுத்தவர்களும் பயந்தவர்களும் இருந்தார்கள், கொஞ்சப் பேர் யூதர்களை ஒளித்து வைத்தும் காப்பாற்றினார்கள் என்று சொன்னேன். பிடித்துக்கொண்டு போன யூதர்களின் கட்டில், அலமாரி, தையல் மெஷின் எல்லாம் ஏலத்துக்கு வர, ஊர்ச்சனமே வாங்கிக்கொண்டு போனதையும் சொன்னேன்.

முன்வரிசையில் ஒருவர், "பாவம் பிள்ளை, அதுகள் பயத்திலதானே பேசாமல் இருந்திருக்கும்" என்றார்.

கடைசி வரிசையில் நீங்கள் எழும்பினீர்கள். துறைமுகக் கிட்டங்கியில் பெட்டி ஏற்றி இறக்குகிற, கூட்டத்தில் வாயே திறக்காத மனுசன்.

"பயம் உண்மைதான் ஐயா. ஆனா பயந்த சனம் அலமாரியையும் தூக்கிக்கொண்டு போகுமே? தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்ன கிழமை நானும் பேசாமல் நிண்டனான். அவை போனாப்பிறகு, பக்கத்து வீட்டு ஹமீதா ராத்தாவின்ர தையல் மெஷினை நான்தான் வேலிக்கு மேலால எடுத்தனான். என்னை ஒருத்தரும் எடுக்கச் சொல்லேல்லை."

"இதையெல்லாம் இஞ்ச ஏன் கதைக்கிறீர்?" என்று யாரோ சத்தம் போட்டார்கள். தேத்தண்ணி குடிக்கக்கூட ஒருவரும் நிற்கவில்லை.

ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு வரும் வழி முழுக்கக் காரில் உங்களைப் பிய்த்து எடுத்தேன். "என்ர மானத்தை வாங்கிப்போட்டியள்! அது வேற, இது வேற!"

"ஓம், வேறதான். மெஷின் மட்டும் ஒண்டு," என்றீர்கள். கொஞ்சத் தூரம் போன பிறகு, "கோயிலில நீ முதல் நன்மை வாங்கேக்க போட்ட வெள்ளைச் சட்டை அதிலதான் தைச்சது" என்றீர்கள்.

அந்த வெள்ளைச் சட்டையோடு நான் நிற்கிற படம் இன்னும் வீட்டு ஹோலில் தொங்குகிறது. இத்தனை வருசமும் அதைப் பார்த்துக்கொண்டு எப்படி அண்ணை சோறு சாப்பிட்டீர்கள்?

அன்றைக்கு உங்களால் எனக்கு வெட்கம். இன்றைக்குப் பெருமை, தாங்க முடியாத பெருமை. கட்டுரைக்காக நான் படித்த பக்கங்களில் "எங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்றவர்கள்தான் அதிகம். என் அண்ணை நிறைந்த சபையில் "எடுத்தனான்" என்று சொன்னவர். யாரும் கேளாமலே சொன்னவர்.

உங்கள் வேலைக் கோட்டுப் பைக்குள் ஒரு கடதாசித் துண்டு இருந்தது. ஹமீதா ராத்தாவின் பெயர், அவர்கள் போய்க் குடியேறிய புத்தளத்துத் தொலைபேசி இலக்கம். எங்கே தேடிப் பிடித்தீர்கள்? சபையில் எழும்பிய உங்களுக்கு அந்த அழைப்பை எடுக்கத்தான் தைரியம் வரவில்லையா?

போன கிழமை நான் எடுத்தேன். நான் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றும், மெஷின் மன்னாரில் எங்கள் சின்னம்மாவிடம் இருக்கிறது என்றும் சொன்னேன். ராத்தா, "அது இன்னும் ஓடுதா மகள்? எங்கட உம்மா கண் மூடி மௌத்தாகுமட்டும் அதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தா" என்றா. நான் அழுதுவிட்டேன், அண்ணை.

அடுத்த மாதம் போகிறேன். சின்னம்மா மெஷினோடு புத்தளத்துக்கு வருவா. "கவனமாப் பாத்து வச்சிருந்தம் எண்டு சொல்லு பிள்ளை, அது காணும், வேற ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்கிறா.

காணாது. ராத்தாவின் வாசலில் நின்று, மெஷினை இறக்க முதல், "எடுத்தனாங்கள்" என்றுதான் சொல்லுவேன். இது உங்களுக்குச் சத்தியம்.

அந்த வெள்ளைச் சட்டையைப் போட்ட,
உங்கள் தங்கச்சி