ஜீப்பின் பின்னே நீ வைத்த இரும்புக் கை

என் ஆசை மச்சான் குமாருக்கு,

உன்னைக் கொன்ற வரதன் நேற்றுக் காலை நம் புளி மண்டிக்கு வந்தான். உன் அக்கா வள்ளி எடைக்கல்லை எடுத்து அவன் நெற்றியைப் பிளந்துவிட்டாள். சாக்கில் சொட்டிய ரத்தத்தை இன்னும் யாரும் கழுவவில்லை. கழுவக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

தண்டனை முடிந்து வெளியே வந்திருக்கிறான். தலை வெளுத்து, ஆள் பாதியாகிவிட்டான். அடி விழுந்தும் கை ஓங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவன், "இன்னொண்ணு போடணும்னாலும் போட்டுடும்மா. வந்த விஷயத்தச் சொல்லிட்டுப் போறேன்" என்றான்.

அவன் கேட்டது நீ செய்த இரும்புக் கையை.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் ஊரில் பாதிப் பேர் அதைத் தப்பாகவே சொல்கிறார்கள். அதனால் உன்னிடமே ஒருமுறை சரியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஜவ்வாது மலையில் புளியும் சாமையும் வாங்க நாம் ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி ஜீப். ஸ்டெப்னி உள்ளேயே கிடந்து மூட்டை ஏற்றும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. "பின் கதவுல மாட்டிடேன்" என்றேன். "அந்தத் தகரம் தாங்குமா மாமா? வாசக் கேட்டு மாதிரி தனியா தொறக்கணும்" என்றாய். காயலான் கடையில் ஒரு லாரி கிங்பின், முன்சக்கரம் திரும்புகிற அந்தத் தடித்த இரும்பு முளை, பிடித்து வந்தாய். அதை ஜீப்பின் பின்மூலையில் அடிச்சட்டத்தோடு செங்குத்தாக வெல்டு வைத்து, அதில் சுழலும்படி சதுரப் பைப்பில் ஒரு கை, கையில் சக்கரம், பூட்டுவதற்கு நம் குடோன் கதவின் தாழ்ப்பாள் எல்லாம் பொருத்தினாய். மண்டி வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு ஒரே விரலால் தள்ளிக் காட்டினாய். விட்ட இடத்தில் நின்றது.

மண்டி வாசல் சமதரை. மலை சமதரையா, மச்சான்? அங்கே முதல் தடவை மேட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தித் தாழ்ப்பாளை எடுத்ததும், சக்கரத்தின் கனத்தோடு அந்தக் கை பள்ளத்துப் பக்கம் பாய்ந்து ஒரு வீட்டு மண்சுவரை இடித்துத் தள்ளியது. அதற்கப்புறம் மாட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டினாய். அவிழ்க்கும்போதெல்லாம் "வெலகு! வெலகு!" என்று கத்துவாய். மலைப் பிள்ளைகள் உன்னைக் கண்டாலே அதைக் கத்திக்கொண்டு ஓடுவார்கள்.

அதுவரை மலையில் வரதன் வைத்ததுதான் விலை. நாம் ஏற்றிக் கொடுத்தோம். நம்மிடம் விற்றவனின் வைக்கோல் போர் எரிந்தது. நமக்கு எடை போட்டவனின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார்கள். "எறங்கிடலாம் மச்சான், வேற சரக்கு பாப்போம்" என்றேன். "மலை என்னா அவங்கப்பன் வீட்டு சொத்தா மாமா?" என்று சிரித்தாய்.

நீ செத்த அன்று உச்சி வெயில். ஏற்றத்தில் ரோட்டின் குறுக்கே மரத்தைப் போட்டிருந்தார்கள். வரதன், அவன் தம்பி முருகன், கூட இரண்டு தடியன்கள். நாம் நின்றதும் முன் டயரில் கத்தி இறங்கியது. என்னைக் கீழே இழுத்து முழங்கையைக் கல்லில் வைத்து மிதித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்கே கேட்டது.

நீ சண்டைக்குப் போகவில்லை. டயரை மாற்றினால்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியும் என்று பின்னால் ஓடினாய். கயிற்றை அவிழ்த்தாய். பழக்கம் விடுமா? "வெலகு! வெலகு!" என்று கத்தினாய்.

முருகனுக்கு அது ரோஷமாகிவிட்டது. "யாரப் பாத்துடா வெலகுன்ற? எங்க மலையில எங்களையேவா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே வந்து நின்றான். இரும்பும் சக்கரமும் சேர்ந்து அவன் முகத்தில் இறங்கின. தாடை தொங்கிப்போய் பல்லும் ரத்தமுமாக விழுந்தான். நீ பதறிப்போய் அவனைத் தூக்கத்தான் குனிந்தாய். குனிந்த உன் தலையில் வரதன் வீல் ஸ்பேனரால் அடித்தான். நீ விழுந்த பிறகும் அடித்தான். கை ஓயும்வரை அடித்தான்.

கோர்ட்டில் என்ன சொன்னான் தெரியுமா? கொல்லத்தான் நீ அந்தக் கையை வீசினாய், நீ கத்தவே இல்லை, தம்பி விழுந்ததைப் பார்த்துப் புத்தி தடுமாறி அடித்துவிட்டேன் என்றான். நான் சொன்னது சொந்தக்காரன் சாட்சி என்று நிற்கவில்லை. கயிற்றை அவிழ்க்கும்போதெல்லாம் நீ கத்துவதைக் கேட்டவர்கள் மலையில் இருந்தார்கள். வரதனுக்குப் பயந்து யாரும் இறங்கி வரவில்லை. இன்றைக்கும் மலையில் உனக்கு 'மூஞ்சிய ஒடச்சவன்' என்றுதான் பேர். உன் அக்காவை அரித்தது உன் சாவை விட அந்தப் பேர்தான்.

ஊர் ஓரத்து வேங்கிக்காலில் நாம் கடலை காயவைத்த இடமெல்லாம் இப்போது வீடு. ஆசிரமத்துக்கு வந்து செங்கம் ரோட்டில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் ஜீப்பை விலைக்குக் கேட்டார். வள்ளி அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். கையும் சக்கரமுமாக அது குடோனுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது.

"எதுக்குடா உனக்கு அது?" என்று வரதனைக் கேட்டேன்.

"தம்பிக்குப் பேச்சு வரல. கஞ்சிதான் எறங்குது. வாசல்ல வண்டி நின்னாலே மூஞ்சிய மூடிக்கினு அலறுறான். அவன் கண்ணெதிர அந்த இரும்ப அறுத்துக் காட்டணும். கால்ல வேணும்னாலும் விழறேன்."

"ஏண்டா கோர்ட்ல பொய் சொன்ன?" உன் அக்கா கேட்டாள்.

"சொல்லலன்னா தூக்கும்மா."

"தொங்கியிருக்கணும்."

மூட்டை தூக்கும் கொக்கி என் கையில் இருந்தது. அவன் கழுத்து எட்டும் தூரத்தில் இருந்தது. வள்ளி என்னைப் பார்த்தாள். "அவன் வெளிய வந்தா நீ செய்யறியா, நான் செய்யட்டுமா?" என்று இத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், கை முன்னால் போய்விட்டது. பிறகு எனக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். உன் பேரைக் கழுவ உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் இருக்கிறது. அதைக் கிழித்துப்போட்டால் நான் யாரிடம் போவேன்?

கொக்கியைக் கீழே போட்டேன். பேரம் பேசினேன். முதலில் முடியாது என்றான். "அப்ப நீ நட. உன் தம்பி அலறட்டும்" என்றேன். அவன் படி இறங்கினான். தெருவரை போய், நெற்றியைத் துண்டால் அழுத்திக்கொண்டு திரும்பி வந்தான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து முடித்தோம்.

மச்சான், உன்மேல் ஒட்டிய அந்தப் பேரைத் துடைக்காமல் நான் கண்ணை மூடமாட்டேன். இது சத்தியம். பேசி முடித்தது இதுதான்: வரும் மலைச் சந்தைக்கு நான் ஜீப்பை இழுத்துப் போவேன்; அங்கே கூட்டம் நிறைந்திருக்கும்போது, முருகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வரதன் உரக்கச் சொல்ல வேண்டும். "குமாரு வெலகுன்னு கத்தனான். என் தம்பிதான் வெலகல. தூக்க வந்தவன நான்தான் கொன்னேன்." அவன் சொன்ன பிறகுதான் இரும்பை அறுக்கும் கேஸ் கட்டர் எரியும். அறுத்த துண்டெல்லாம் முருகனுக்கு. கிங்பின் மட்டும் உன் அக்காவுக்கு.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய மாமா