படகில் நித்தியகல்யாணி

திருவொற்றியூர் குப்பம்,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தீபன் அண்ணனுக்கு,

இங்கே நலம். அங்கே நீயும் நலம் என்று நம்பி எழுதுகிறேன். போனில் ‘சாப்ட்டியா, கடல் எப்டி கீது’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். பக்கத்தில் அம்மா வேறு இருக்கிறாள். அதனால்தான் கடிதம். நம் குப்பத்துப் பகலவனும் உன்னைப் போலப் படகு வேலைக்குப் பஹ்ரைன் வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் மீன் எடுக்கப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

எனக்குக் கம்பெனியில் அதே பசுமைப் பிரிவுதான். ‘புகை வுடற எடத்துல பூ வெக்கிற வேல’ என்பாயே, அது. போன மாதம் பிளாஸ்டிக்கை ஒழிக்கக் குப்பம் முழுக்கத் துணிப்பை கொடுத்தோம். ஒவ்வொரு பையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் வந்தது. அம்மா பையைத் தலையணைக்குப் போட்டுவிட்டு, உறையைக் கழுவிக் காயவைத்து அதில் மீன் கட்டிக் கொடுக்கிறாள். ‘உங்க ஆபீசரம்மா கைல சொல்லு, கவரு நல்லா தாங்குது’ என்றாள். சொன்னேன். கீர்த்தி மேடம் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. நல்ல மனுஷிதான்.

இனி, சொல்ல வந்தது.

சென்ற சனிக்கிழமை ஆபீஸ் ஆட்கள் கரையைச் சுத்தம் செய்ய வந்தார்கள். நான் ஒரு கூட்டத்தோடு தூண்டில் வளைவுப் பாறைகளில் பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது, கரையில் கவிழ்த்து வைத்திருந்த நம் படகு நிமிர்ந்து கிடந்தது. உள்ளே லாரியில் வந்த செம்மண். மண்ணில் நித்தியகல்யாணிச் செடிகள், வரிசையாக. கவிழ்ந்து கிடந்ததால் யாருக்கும் வேண்டாத படகு என்று நினைத்துவிட்டார்கள். குப்பையிலிருந்து ஒரு தோட்டம். போட்டோவும் எடுத்தாகிவிட்டது.

மழைநீர் தேங்காமல் கவிழ்த்து வைப்போம் என்பது அவர்களுக்குத் தெரியாது. உடையவன் முதலில் கை வைக்காமல் இங்கே எவரும் படகை அசைக்க மாட்டார்கள் என்பதும்.

நான் கத்தினேன். அம்மா அதற்கும் மேலே. ‘தூங்கிகினு கீற ஆளு மேல மண்ணக் கொட்டுவியா நீ?’ என்று கீர்த்தி மேடத்தையே கேட்டாள்.

அந்தப் படகுக்கு அடியில்தான் நான் பி.ஏ. படித்தேன். வெயில் ஏறினால் ஃபைபர் வழியே உள்ளே ஒரு நீல வெளிச்சம் வரும். நீ பக்கத்தில் குப்புறப் படுத்திருப்பாய். அப்பா வெளியே நின்று தட்டி, ‘இன்னா, உள்ள ரெண்டு நண்டு கீதா?’ என்பார். நீ இரண்டு விரலைக் கொடுக்கு மாதிரி மடக்கி வெளியே நீட்டுவாய்.

அப்பா தவறிய பிறகு வந்த மழையில், வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் வந்தது. படகின் வயிற்றில் ஒரு கறுப்புக் கோடு. உள்ளிருந்து பார்த்தால் மேகம் போலத் தெரியும். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாய். போகவில்லை. ஒருநாள் தேய்ப்பதை நிறுத்தினாய். அந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. ஐப்பசியில் அலை ஏறி வந்து படகை இழுக்கப் பார்த்தது. மேலே தள்ளியாக வேண்டும். உன் கை இல்லை. எல்லோரும் சும்மா நின்றார்கள். அம்மா வீட்டுக்கு ஓடி உன் நீலச் சட்டையை எடுத்து வந்து படகின் முனையில் போர்த்தினாள். ‘இத்தான் அவன் கை. தள்ளுங்கடா’ என்றாள். தள்ளினார்கள். சட்டையை அன்றே அலசிக் காயப்போட்டு மடித்து வைத்தாள்.

கீர்த்தி மேடம் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கே வந்தார். மண்ணை அள்ளிவிட்டுப் படகை இருந்தபடி வைத்துத் தருவார்களாம். அல்லது நாம் கொடுத்தால் கம்பெனி வாசலில் செடிகளோடு நிறுத்தி அப்பா பெயரை எழுதுவார்களாம். பொங்கல் வரை நேரம்.

ஃபைபர் மக்காது. எரிக்கவும் கூடாது. கடலுக்குப் போகாத படகு கரைக்குச் சுமை. ஆபீஸில் நானே இப்படித்தான் எழுதுவேன். ஆனால் இது கடலுக்குப் போகாத படகு என்று நான் எப்படிச் சொல்வது?

‘வெச்சிக்கினாலும் குடுத்தாலும் அவன் வந்து கை வெக்கணும் கண்ணு’ என்று மேடத்திடம் அம்மா சொல்லிவிட்டாள். சட்டை போதாதா என்று பிறகு கேட்டேன். ‘தள்றதுக்குப் போதும். அனுப்பறதுக்குப் போதாது’ என்றாள்.

அதுவரை செடி என்ன பாவம் செய்தது என்று சாயங்காலம் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறாள். உப்புக் காற்றிலும் பூத்திருக்கிறது. வெள்ளையும் ரோஸும். போட்டோவில் கறுப்புக் கோடு விழாமல் எடுத்திருக்கிறார்கள். நேரில் தெரிகிறது.

நம் படகில் மறுபடியும் கடலுக்குப் போ என்று கேட்கவில்லை, அண்ணா. வேண்டாம் என்று சொல்லவாவது வா.

பகலவனிடம் அந்தச் சட்டையையும் கொடுத்தனுப்ப நினைத்தேன். அம்மா தரவில்லை. ‘அத்தயும் குடுத்துட்டா இங்க இன்னா கீது?’ என்றாள்.

வெயிலில் தலையைத் துணியால் மூடிக்கொள். அங்கே நீ எவர் படகில் ஏறினாலும், அது உன்னைக் கரையில் விடட்டும்.

உன் தங்கை,
மதி