பால் நிறைந்த சிரட்டை

2018 அக்டோபர், வெள்ளி இரவு

நானும் ஷைனியும் கல்லூரிப் பேருந்தில் ஒரே போனில் படித்துத் தீர்த்த ஜப்பானியப் படக்கதை, அந்த மங்காவின் இரண்டாம் பாகம் இப்போது அனிமே தொடராக வருகிறது. நாயகனின் தங்கை சாகும் பகுதி இன்று வந்தது. அழுதுவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "ஏட்டி, பொம்மப் படத்துக்கா இப்பிடிக் கரையுத?" என்று சிரித்தாள்.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் ஷைனியை அழைத்து, "பாத்தியா?" என்றேன்.

"இல்ல மக்கா. டூட்டிக்கு எடையில அதுக்கெல்லாம் இப்பம் எங்க நேரம்?"

பிறகு ரசிகர்கள் இணையத்தில் எழுதியதைப் படித்தேன். மங்காவில் பக்கம் பக்கமாக நீளும் சாவை ஒரு பாட்டுக்குள் முடித்துவிட்டார்கள் என்று எல்லோரும் கொதித்தார்கள். எனக்கும் அதே ஆத்திரம்தான். பாவிகள்.

நடுவில் ஒருவரின் முகப்புப் படத்தில் ரப்பர் மரமும் பால் நிறைந்த சிரட்டையும் இருந்தன. எங்கள் தோட்டத்தில் ஷைனிக்காக நான் எடுத்த படம். அதன் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: "காலையிலேயே பார்த்துவிட்டேன். இதைப் பேச எனக்கு ஒருவரும் இல்லை."

முன்பின் தெரியாதவர்கள் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். நானும் ஒரு இதயம் போட்டேன். அங்கே எனக்கு வேறு பெயர். அது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.