ஒரே இழுப்பில் பிரியும் தையல்

என் வீட்டு மகாராணிக்கு,

உன் தையல்காரக் கணவன் எழுதுவது. நான் நலம். நீ முட்டியில் கட்டோடு படுத்திருக்கும்போது இப்படி எழுதுவதே கொழுப்புதான். இருந்தாலும் கடிதம் என்றால் அப்படித்தானே ஆரம்பிக்க வேண்டும்.

இந்த வெளிநாட்டு ஓட்டலில் அறைக்குச் சாவி கிடையாது, அட்டைதான். அதை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் பனியனோடு வராந்தாவில் அரை மணி நேரம் நின்றேன். நம் ஆட்டக் குழுத் தலைவரின் தலைச் சாயம் மேடை விளக்குச் சூட்டில் காதோரம் வழிந்தது. அதுவும் ஒப்பனை என்று நினைத்து வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் இடத்தில் மருமகள் ஆடட்டும், ஆனால் கண்ணாடிச் சில்லு பதித்த என் பாவாடையில் கத்தரி படக் கூடாது, பிடித்து மட்டும் தை என்று சொல்லி அனுப்பினாய். உன் இடுப்புக்கும் அவள் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லவில்லை, டேப் சொன்னது: ஆறு அங்குலம். நீ திரும்பவும் ஆட வரும்போது ஒரே இழுப்பில் பிரிய வேண்டுமே என்று லேசாகத் தைத்தேன். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ததில்லை.

முதல் நிகழ்ச்சியில், எட்டுப் பேரும் சுழலும்போது நூல் படபடவென்று அறுந்தது. மேளச் சத்தத்திலும் என் காதில் விழுந்தது. நாலு கிலோ பாவாடை. இறங்கினால் குழுவின் மானமும் சேர்ந்து இறங்கும். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், உன் மருமகள் இடது கையால் இடுப்பைக் கொத்தாகப் பிடித்து, வலது கையை உயர்த்தி, அது ஏதோ காலங்காலமாக உள்ள அடவு போல ஆடிக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு ஒரு நூல் குறையவில்லை. பக்கத்தில் ஆடியவள் பார்த்தாள், அவளும் இடுப்பில் கை வைத்தாள். பிறகு எட்டுப் பேரும். மேளக்காரர் அதற்கென்றே தாளத்தை மாற்றிவிட்டார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நான் திரைச்சீலையில் மூக்கைச் சிந்தினேன். உன்னைத் தவிர இன்னொருத்தி ஆட்டத்துக்கு நான் அழுதது இதுதான் முதல் தடவை. கோபித்துக்கொள்ளாதே.

பிறகு தலைவர் கத்தரியை என்னிடம் நீட்டி, வெட்டித் தைத்துவிடு, இனி இந்த இடம் இவளுக்குத்தானே என்றார். என் கை ஓடவில்லை. மருமகள் கத்தரியை வாங்கித் தன் பெட்டியில் போட்டுப் பூட்டினாள்.

"இந்தப் பாவாடைய அத்தை வந்து போடுவாங்க மாமா. எனக்கு வேற தைங்க."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறாய். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள். உன் குரலைக் கேட்டால் உளறிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

அவளுக்குப் புதிதாகத் தைக்கச் சிவப்புத் துணி வாங்கிவிட்டேன். கெஞ்சிக் கத்தரியை வாங்கி, அவள் கண்ணெதிரேயே துணியை வெட்டினேன். வரிசைக்கு எட்டுப் பேர்தான் என்று யார் சொன்னது? மேடையை டேப் வைத்து அளந்தேன். ஒன்பது பேர் தாராளமாகச் சுழலலாம்.

புதியது முடியும்வரை அவள் உன்னுடையதைத்தான் போடுவாள். அதை இப்போது இரட்டை நூலில் பிடித்திருக்கிறேன். இனி ஒரே இழுப்பில் பிரியாது. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான் பிடித்து இழுக்க வேண்டும். அதற்கு நீ எழுந்து நின்றாக வேண்டும். வலித்தாலும் முட்டியைத் தினம் கொஞ்சம் மடக்கு கண்ணே, எனக்காக.

உன் பாவாடைக்குக் காவலாக,
உன்னவன்